பொண்ட் எழுதிய கையும் கத்தி பிடிக்கும்

கேள்வி:

சேர், எனக்கு ஊர் அக்கரைப்பற்று. கொத்தலாவல பாதுகாப்புப் பல்கலைக்கழகத்தில் இராணுவக் கெடெற்றாக மருத்துவம் மூன்றாம் வருடம் படிக்கிறேன். சத்திரசிகிச்சை நிபுணராக வேண்டும் என்பதுதான் சின்ன வயதிலிருந்தே எண்ணம். ஆனால் ஆர்மியில் டாக்டர் என்றால் முகாமில் பனடோல் கொடுத்துக்கொண்டும், வெயிலில் மயங்கி விழுகிறவனைத் தூக்கிக்கொண்டும் காலம் போய்விடும், தியேட்டர் வாசலையே மிதிக்க விடமாட்டார்கள் என்கிறார் மாமா. 'காணி ஒன்றை விற்றாவது தருகிறேன், சேவை ஒப்பந்தத்தின் பொண்ட் காசைக் கட்டிவிட்டு வெளியே வா' என்றும் சொல்கிறார். இணையத்தில் தேடினால் 'மெச்', 'ஜி.எம்.ஓ.' என்று ஏதேதோ வருகிறது, தலை சுற்றுகிறது. நான் அந்த உடுப்போடு இருப்பதே உம்மாவுக்குப் பயம். வாப்பா ஒன்றும் சொல்வதில்லை. எங்கள் பக்கத்தில் இந்த வழியால் போன யாரையும் எனக்குத் தெரியாது. நான் என்ன செய்யலாம்? இன்னொன்று, நான் இடதுகைக்காரன். போன மாதம் தையல் பழகியபோது ஒரு சீனியர் பார்த்துச் சிரித்துவிட்டு, 'உனக்கு மெடிசின்தான் சரி' என்றார். அது உண்மையா?

பெயர் வேண்டாம், அக்கரைப்பற்று

பதில்:

தம்பி, உங்கள் கடிதத்தை ஒரு செவ்வாய்க்கிழமை பின்னேரம், தியேட்டருக்கு வெளியே கிடக்கும் வாங்கில் இருந்துகொண்டு வாசித்தேன். கையில் தேத்தண்ணி ஆறிப்போயிருந்தது. அன்று விடிய படுவான்கரையிலிருந்து ஒருவரைக் கொண்டுவந்திருந்தார்கள். வயல் வட்டைக்குத் தண்ணீர் பார்க்கப் போனவர். காட்டுப்பன்றிக்கு யாரோ கட்டிவைத்த கட்டுத்துவக்கின் கம்பியை இருட்டில் காலால் தட்டிவிட்டார். கட்டுத்துவக்கைப் பன்றியின் உயரத்துக்குத்தான் கட்டுவார்கள். மனிதனுக்கு அது முழங்கால். ஈயக்குண்டு, இரும்புத் துண்டு, சாரத்தின் நூல், வயற்சேறு எல்லாம் முழங்காலின் பின்பக்கத்துக்குள் போயிருந்தன. பாதம் மெழுகு நிறத்தில் குளிர்ந்து கிடந்தது. தொட்டுப் பார்த்தால் துடிப்பு இல்லை.

கூட வந்த பையன் சாரத்தைக் கிழித்துத் தொடையில் இறுக்கிக் கட்டியிருந்தான். எத்தனை மணிக்குக் கட்டினோம் என்பதைத் தன் உள்ளங்கையில் பேனாவால் எழுதியும் வைத்திருந்தான். யார் சொல்லித்தந்தது என்று கேட்டேன். யுத்தகாலத்தில் அவனுடைய அப்பா கற்றுக்கொண்டதாம். இரத்தம் போகாமல் ஆறு மணித்தியாலம் கடந்தால் அந்தக் காலைக் காப்பாற்றுவது கஷ்டம். இவர்கள் மூன்றரை மணித்தியாலத்தில் வந்துவிட்டார்கள். காலுக்கு இரத்தம் கொண்டுபோகும், அறுந்துபோன நாடியின் இரண்டு முனைகளையும் தேடிப் பிடித்து, நடுவில் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் குழாயைச் செருகிக் கட்டினேன். பாதத்தைப் பார்த்துக்கொண்டு நின்ற நர்ஸ் 'வருது சேர்' என்றார். பிறகு மற்றக் காலிலிருந்து ஒரு நாளத்தை எடுத்து, அதன் வால்வு மறிக்காதபடி தலைகீழாகத் திருப்பி வைத்துத் தைத்தோம். கெண்டைக்காலின் தசை உறைகளைக் கீறித் திறந்துவிட்டோம். காயத்தைத் தைக்கவில்லை, திறந்தபடியே கட்டுப் போட்டு வார்டுக்கு அனுப்பினோம்.

அன்று நான் செய்ததில் ஒன்றுகூட என் சொந்த மூளையில் உதித்தது கிடையாது. அதில் பெரும்பகுதி போர்க்கள ஆஸ்பத்திரிகளில் பழகித் தேறியது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படையினருக்கு ஏற்பட்ட 2,471 நாடிக் காயங்களை டிபேக்கி, சிமியோன் என்ற இரண்டு சத்திரசிகிச்சையாளர்கள் 1946இல் தொகுத்து எழுதினார்கள். அப்போதெல்லாம் அறுந்த நாடியை முடிச்சுப் போட்டுக் கட்டிவிடுவதுதான் வழக்கம். அப்படிக் கட்டப்பட்டவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேருக்குக் கையோ காலோ போனது. நம்முடைய வயற்காரருக்குப் பட்ட அதே நாடியில் காயப்பட்டவர்களில் நூற்றுக்கு 72 பேருக்குக் கால் போனது. அடுத்து வந்த கொரியப் போரில் இளம் இராணுவச் சத்திரசிகிச்சையாளர்கள் சிலர் கட்டுவதை விட்டுவிட்டுத் தைக்கத் தொடங்கினார்கள். நாடிக்காயத்தால் கைகால் இழப்பது 13 வீதம் அளவுக்கு இறங்கியது. படுவான்கரை வட்டையில் ஒருவர் இன்றைக்கு இரண்டு காலில் நடப்பதற்கு அந்தப் பையன்களின் பிடிவாதமும் ஒரு காரணம். மாமாவுக்கு முதலில் இதைச் சொல்லுங்கள்: ஆர்மி டாக்டருக்கும் தியேட்டருக்கும் சம்பந்தமில்லை என்பது பெரிய பிழை.

ஆனால் மாமா சொன்னதில் பாதி உண்மையும் இருக்கிறது.

முதலில் அந்த 'மெச்' கதையை முடித்துவிடுவோம். நீங்கள் வாசித்தது அமெரிக்க விவகாரம். அங்கே படைகள் மருத்துவ மாணவர்களுக்குப் புலமைப்பரிசில் கொடுத்துப் படிப்பிக்கும், பொதுவாக ஒரு வருடப் படிப்புக்கு ஒரு வருடச் சேவை என்று கணக்கு. படைகளின் சொந்த மருத்துவப் பல்கலைக்கழகத்தில் படித்தால் ஏழு வருடம். யாருக்கு எந்தத் துறையில் பயிற்சி என்பதைப் படைகளே டிசம்பர் மாதத்தில் தெரிவு செய்து அறிவிக்கும், அதைத்தான் மெச் என்கிறார்கள். இடம் கிடைக்காதவர் உள்ளகப் பயிற்சி முடிந்ததும் சில வருடம் ஒரு படையணியோடு பொது வைத்தியராகப் போய் இருந்துவிட்டு வர வேண்டும், அதுதான் ஜி.எம்.ஓ. நம் நாட்டில் இந்த ஏற்பாடு கிடையாது. அதை வாசித்து நித்திரையைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

இங்கே வழி ஒன்றுதான், உடுப்பு எதுவாக இருந்தாலும். எம்.பி.பி.எஸ். முடித்து, ஒரு வருட உள்ளகப் பயிற்சி. ஆறு ஆறு மாதமாக இரண்டு பிரிவுகள். அதில் ஒன்று சத்திரசிகிச்சையாகக் கிடைக்கிறதா என்று பாருங்கள், கிடைத்தால் விடாதீர்கள். மருத்துவ சபையில் பதிவு. பிறகு குறிப்பிட்ட காலம் வேலை செய்தபின் கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் மருத்துவ நிறுவகம் நடத்தும் எம்.டி. என்ற மேற்பட்டத்துக்கான சத்திரசிகிச்சைத் தெரிவுப் பரீட்சை. உடற்கூற்றியல், உடற்றொழிலியல், நோயியல் மூன்றையும் மறுபடி கரைத்துக் குடிக்க வேண்டும். சித்தியடைந்தால் றெஜிஸ்ட்ரார் என்ற பயிற்சி வைத்தியராகச் சில வருடம், இறுதிப் பரீட்சை, பிறகு சீனியர் றெஜிஸ்ட்ரார், அதில் ஒரு பகுதி வெளிநாட்டில், கடைசியில் நிபுணர் என்ற போர்ட் சான்று. நாரஹேன்பிட்ட இராணுவ ஆஸ்பத்திரியில் இன்றைக்கு வேலை செய்கிற சத்திரசிகிச்சை நிபுணரும் இந்தப் படிகளால்தான் ஏறினார், நானும் இந்தப் படிகளால்தான் ஏறினேன். பயிற்சியின் பெரும்பகுதி சுகாதார அமைச்சின் பெரிய ஆஸ்பத்திரிகளில்தான். அங்கே நீங்கள் கெப்டனா மேஜரா என்று நோயாளி கேட்கப்போவதில்லை. எல்லாம் முடிய முப்பதுகளின் நடுப்பகுதி ஆகிவிடும். இதுவும் எல்லாருக்கும் பொதுதான்.

வித்தியாசம் வருவது இடையில். பரீட்சைக்கு எப்போது விடுவார்கள், பயிற்சிக்கு எப்போது விடுவிப்பார்கள் என்பதைச் சிவில் டாக்டர் அமைச்சிடம் கேட்பார், நீங்கள் உங்கள் மருத்துவப் படைப்பிரிவிடம் கேட்க வேண்டும். இங்கேதான் பொண்ட் வருகிறது.

பொண்டைப் பற்றிக் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டுப் பயிற்சிக்குப் போகும்போது நானும் ஒன்று எழுதினேன். பிணைக்காரர் இரண்டு பேர் வேண்டும். ஒருவர் அத்தான், மற்றவர் எனக்குப் படிப்பித்த ஆசிரியர். அந்தத் தாள்களை நான் முழுதாக வாசிக்கவேயில்லை, கையெழுத்துப் போடும் இடத்தைத்தான் தேடினேன். பயிற்சியை இன்னும் ஆறு மாதம் நீட்டக் கேட்டபோது, ஓர் அலுவலகத்திலிருந்து ஆசிரியருக்குக் கடிதம் போயிருக்கிறது: இவர் திரும்பி வராவிட்டால் காசு கட்ட வேண்டியவர் நீங்கள். ஓய்வூதியத்தில் சீவித்த மனிதர். எனக்கு ஒரு வார்த்தை எழுதவில்லை. நான் திரும்பி வந்து அவர் வீட்டுக்குப் போன அன்று, அவருடைய மனைவிதான் தேத்தண்ணி தந்துவிட்டுச் சொன்னார், மூன்று மாதம் மனிசன் ஒழுங்காக நித்திரை கொள்ளவில்லை என்று. அவருக்கு முன்னால் நான் எப்படி இருந்திருப்பேன் என்று நினைத்துப் பாருங்கள்.

ஆகவே நீங்களும் வாப்பாவும் ஒரு நாள் ஒதுக்கி, அந்த ஒப்பந்தத்தை முதல் பக்கத்திலிருந்து வாசியுங்கள். சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ இருந்தால் ஒரு சட்டத்தரணியைக் கொண்டு வாசிப்பித்துக் கேளுங்கள், அந்தச் செலவு பெரிய செலவில்லை. சேவைக்காலம் எந்த நாளிலிருந்து எண்ணப்படுகிறது? அதிகாரியாகக் கமிஷன் கிடைத்த நாளிலிருந்தா, உள்ளகப் பயிற்சி முடிந்த நாளிலிருந்தா? எம்.டி. பயிற்சியில் இருக்கும் வருடங்கள் சேவையில் கழியுமா, அல்லது மேலே இன்னும் வருடங்களைக் கூட்டுமா? இந்த ஒரு கேள்வியின் பதிலில்தான் உங்கள் முப்பதுகள் தங்கியிருக்கின்றன. வெளிநாட்டுப் பயிற்சிக்குத் தனியாகப் பொண்ட் உண்டா? இடையில் விலகினால் கட்ட வேண்டிய காசு வருடம் போகப் போகக் குறைகிறதா? பிணைக்காரர் யார்? பதில்களை நண்பர்களிடம் கேட்காமல் நிர்வாகத்திடம் எழுத்தில் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். 'போன பெச்சில் ஒருவருக்கு அப்படி விட்டார்கள்' என்பது பதில் ஆகாது.

மாமா காணி விற்கிறேன் என்கிறாரே, அது பெரிய மனது. நம் பக்கத்தில் காணியை விற்பது விரலை வெட்டுவது மாதிரி. ஆனாலும் என் அபிப்பிராயம்: சத்திரசிகிச்சை கிடைக்காமல் போய்விடும் என்ற பயத்துக்காக மட்டும் விலகுவதாக இருந்தால், விலக வேண்டாம். கெடெற்றாக இருப்பதை விட்டால் மருத்துவ பீடத்தில் உங்கள் இடமும் சேர்ந்து போகுமா என்பது இந்தக் கணக்கில் முதல் வரி. அதை மாமா யோசித்ததாகத் தெரியவில்லை. மாறாக, இராணுவ வாழ்க்கையே ஒத்துவரவில்லை, காலையில் எழும்பும்போதே நெஞ்சு அடைக்கிறது என்றால் அது வேறு கதை. அப்படியானால் பொண்ட் தொகை ஏறுவதற்கு முன் இப்போதே முடிவெடுங்கள். உங்கள் கடிதத்தில் அப்படி ஒரு வரியும் இல்லை. அணிவகுப்பைப் பற்றிக்கூட நீங்கள் முறைப்பாடு சொல்லவில்லை, மாமாதான் சொல்கிறார்.

சரி, மாமா சொன்ன அந்தப் பாதி உண்மைக்கு வருவோம். உள்ளகப் பயிற்சிக்கும் எம்.டி.க்கும் நடுவில் நீங்கள் ஏதோ ஒரு முகாமில் இருப்பீர்கள். காலையில் நோய்வரிசை. இடுப்பு நோ, பாதத்தில் கொப்புளம், லீவுக்காக வந்த வயிற்றுவலி. சத்திரசிகிச்சைக்கு ஆசைப்பட்ட கை அங்கே பேனா மட்டும் பிடிக்கும். இது உங்களுக்கு மட்டும் உள்ள பிரச்சினை கிடையாது, உலகத்து இராணுவ மருத்துவம் முழுவதற்கும் உள்ளது. பிரித்தானியக் கடற்படைச் சத்திரசிகிச்சையாளர் அலஸ்டேர் வோக்கரின் பெயரால் அதை 'வோக்கர் டிப்' என்பார்கள். போர் முடிந்ததும் படை மருத்துவம் தான் கற்றதை மெல்ல மறக்கும், அடுத்த போரின் முதல் காயக்காரர்கள் அந்த மறதியைத் தங்கள் உடம்பால் ஈடுசெய்வார்கள். நம் நாட்டில் போர் 2009இல் முடிந்தது. இனி அது வேண்டாம். ஆனால் போர் இல்லாத இராணுவத்தில் கை பழக வேண்டுமானால் சிவில் ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும், வேறு இடம் இல்லை. மோட்டார் சைக்கிள் விபத்து, யானை தூக்கி எறிந்தது, கட்டுத்துவக்கு, வெடித்த குடல்வால், இறுகிப்போன குடலிறக்கம் எல்லாம் வருவது அங்கேதான்.

முகாமுக்குப் பக்கத்தில் அரச ஆஸ்பத்திரி ஒன்று நிச்சயம் இருக்கும். கட்டளை அதிகாரியிடமும் அந்த ஆஸ்பத்திரிப் பணிப்பாளரிடமும் எழுத்தில் அனுமதி வாங்கி, ஓய்வு நாட்களில் அவசரத் தியேட்டரில் போய் நில்லுங்கள். முதல் மாதம் வெட்டிய இடத்தை விரித்து வைக்கும் கொக்கி பிடிக்கத்தான் விடுவார்கள். பிடியுங்கள். இரவு இரண்டு மணிக்குக் கொக்கி பிடிக்க ஆள் கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். மூன்றாம் தடவை வருகிறவனுக்கு நானே தோலைத் தைக்கக் கொடுத்திருக்கிறேன். ஒரு கொப்பி வைத்து ஒவ்வொன்றையும் எழுதுங்கள்: திகதி, என்ன சத்திரசிகிச்சை, நான் பார்த்தேனா, உதவினேனா, பக்கத்தில் ஆள் நிற்கச் செய்தேனா, தனியே செய்தேனா. பொய் எழுத வேண்டாம், நேர்முகத்தில் இரண்டு கேள்வியில் பிடிபடும்.

ஐ.நா. அமைதிப்படைக்குப் போகும் வாய்ப்பு வந்தால் அதையும் யோசியுங்கள். தென்சூடானில் போர் என்ற ஊரில் 2014இல் இலங்கைப் படையினர் ஆஸ்பத்திரி ஒன்றைத் தொடங்கினார்கள். ஊரின் பெயரே போர், பாருங்கள். ஐ.நா. வகைப்படி அது இரண்டாம் நிலை ஆஸ்பத்திரி. அந்த வகை ஆஸ்பத்திரி ஒன்று நாளுக்கு மூன்று நான்கு சத்திரசிகிச்சை, பத்திலிருந்து இருபது படுக்கை நோயாளிகள் என்ற அளவுக்கு ஆயத்தமாக இருக்க வேண்டும். எண்ணிக்கையில் பெரிதில்லை. ஆனால் மேலே அனுப்ப விமானம் வரும்வரை உள்ளதை வைத்துச் சமாளிக்கும் பழக்கம் அங்கே வரும். எம்.டி. முடித்தபின் போவது நல்லது, முன்னால் போனால் படிப்பு தள்ளிப்போகும்.

சமாளிப்பது என்றதும் ஒரு பழைய நோவு ஞாபகம் வருகிறது. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, போயா நாள். கடல் வந்த நாள். அப்போது நான் நிபுணர் ஆகவில்லை, அம்பாறை மாவட்டத்தில் கரையிலிருந்து உள்ளே இருந்த ஓர் ஆஸ்பத்திரியில் வைத்திய அதிகாரி. கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனைப் பக்கத்திலிருந்து லொறியிலும் ட்ரக்டர் பெட்டியிலும் ஆட்களைக் கொண்டுவந்து இறக்கினார்கள். நாட்டிலேயே அதிகம் பேர் இறந்தது அந்த மாவட்டத்தில்தான். தகரமும் வேலிக் கம்பியும் கிழித்த காயங்கள். நான் இரண்டு நாள் இருக்காமல் தைத்தேன். கழுவினேன், தைத்தேன், அடுத்தவரைக் கூப்பிட்டேன். வரிசையாக, அழகாக, நெருக்கமான தையல். மூன்றாம் நாள் வார்டுக்குள் நுழையும்போதே மணம் வந்தது. நான் தைத்த காயங்கள் ஒவ்வொன்றும் வீங்கிச் சிவந்து, தையலுக்கு நடுவில் சீழும் கடல் மண்ணும் கசிந்தன.

யுத்தகாலம் முழுக்கக் காயம் பார்த்த ஒரு மூத்த சத்திரசிகிச்சை நிபுணர் உதவிக்கு வந்திருந்தார். ஏசவில்லை. கத்தரிக்கோலை என் கையில் தந்து, 'நீர் போட்டதை நீரே வெட்டும்' என்றார். அறுபதுக்கு மேற்பட்ட காயங்களின் தையலை வெட்டித் திறந்தேன். செத்த சதையை வெட்டி எறிந்து, கழுவி, ஈரத் துணியால் மூடித் திறந்தபடி விட்டோம். நாலைந்து நாள் கழித்து, சதை சிவப்பாகச் சுத்தமாக இருந்தவற்றை மட்டும் தைத்தோம். முதலாம் உலகப் போரின் சேற்றுக் காயங்களில் அந்துவான் டெபாஜ் என்ற பெல்ஜியச் சத்திரசிகிச்சையாளர் வற்புறுத்திச் சொன்ன பாடம்தான் இது: செத்ததை வெட்டு, திறந்து விடு, பொறுத்துத் தை. புத்தகத்தில் இருந்தது. நான் படித்தும் இருந்தேன். பரீட்சையில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கினேன்.

2019இல் மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்த உயிர்த்த ஞாயிறன்று போதனா வைத்தியசாலைக்கு வந்தவர்கள் சிவில் ஆட்கள், பிள்ளைகள். காயம் மட்டும் போர்க்களக் காயம். ஆகவே இராணுவச் சத்திரசிகிச்சை என்று ஒரு தனிப் பெட்டி இருப்பதாக நினைக்காதீர்கள். நீங்கள் அங்கே படிப்பது எங்கள் வார்டுக்கும் வேண்டியது.

உம்மாவின் பயத்துக்கு வருகிறேன். இதில் நான் சாதுவாக எழுதினால் நீங்கள் நம்பமாட்டீர்கள். அந்த உடுப்பைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கி உருட்டிக்கொண்டு நடந்த தலைமுறை நான். இன்றைக்கும் சோதனைச்சாவடி இருந்த இடத்தைக் கடக்கும்போது கால் தானாக பிரேக்கைத் தேடும். உங்கள் உம்மாவுக்கு அவருடைய ஞாபகங்கள் இருக்கும். அதை வாதாடி மாற்ற முடியாது, மாற்றவும் வேண்டாம். லீவில் வரும்போது சாதாரண உடுப்பில் வாருங்கள், படிப்பைப் பற்றிக் கதையுங்கள், இன்றைக்கு என்ன நோயாளி பார்த்தேன் என்று சொல்லுங்கள். பயம் ஒரே நாளில் போகாது.

உங்களுக்காக ஒன்றை மட்டும் மனப்பாடம் செய்து வையுங்கள். 1949ஆம் ஆண்டின் முதலாவது ஜெனீவா உடன்படிக்கை, 12ஆம் உறுப்புரை: காயப்பட்டவரில் யாருக்கு முதலில் சிகிச்சை என்பதை அவசர மருத்துவக் காரணம் மட்டுமே தீர்மானிக்கலாம். எந்தப் பக்கத்து ஆள், எந்த இனம், எந்த மதம் என்பது அந்தத் தீர்மானத்துக்குள் வரக்கூடாது. இலங்கையும் அதில் ஒப்பமிட்ட நாடு. ஒரு நாள் மேலதிகாரி ஒருவர் உங்களிடம் வேறு மாதிரிச் சொல்லலாம். அப்போது இந்த இலக்கம் நாக்கில் இருக்க வேண்டும்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. எங்கள் பக்கத்தில் இராணுவத்தினர் நடத்திய மருத்துவ முகாம் ஒன்றில் ஒரு கிழவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு 'கொளுவி இழுக்குது' என்றார். மொழிபெயர்த்த பையன் 'வயிற்றுவலி' என்று ஒரே சொல்லில் முடித்தான். டாக்டர் நல்ல மனிதர்தான், அமிலத்துக்கு மருந்து கொடுத்தார். குத்துது, உளையுது, எரியுது, கொளுவி இழுக்குது: நான்கும் நான்கு வருத்தம். அடுத்த கிழமை அந்தக் கிழவி பித்தப்பைக் கல்லோடு என் மேசைக்கு வந்தார். அந்தக் கூடாரத்தில் உங்களைப் போல ஒருவர் இருந்திருந்தால் ஒரு கிழமை வேதனை மிச்சம்.

கடைசியாக இடதுகை. நீங்கள் பின்னால் தள்ளி எழுதியிருந்தாலும் உங்களை உண்மையில் குத்தியது இதுதான் என்று நினைக்கிறேன். அந்தச் சீனியர் பிழை. நல்ல இடதுகைச் சத்திரசிகிச்சையாளர்களோடு நான் வேலை செய்திருக்கிறேன். ஆனால் கஷ்டம் உண்மையானது, காரணம் சாமான்கள் வலது கைக்குச் செய்யப்பட்டவை. கத்தரிக்கோலை வலது கையால் நெரிக்கும்போது இரண்டு அலகும் ஒன்றோடொன்று உரசி நெருங்கும். இடது கையால் நெரித்தால் விலகும், நூல் வெட்டுப்படாமல் நடுவில் மடியும். அதனால் இடது கையில் பிடிக்கும்போது பெருவிரலை உள்ளங்கைப் பக்கம் இழுத்து, மற்ற விரல்களை வெளியே தள்ளிப் பாருங்கள், வெட்டும். ஊசியைக் கவ்விப் பிடிக்கும் நீடில் ஹோல்டரும் அப்படித்தான். வலது கையில் பெருவிரலை வெளியே தள்ளினால் பூட்டு விடும், உங்களுக்கு உள்ளே இழுத்தால்தான் விடும். இடதுகைக்கென்று செய்த சாமான்கள் உண்டு, ஆனால் இரவு இரண்டு மணிக்கு நம் ஆஸ்பத்திரித் தட்டில் அது இருக்காது. இருப்பதில் பழகுங்கள்.

தியேட்டரில் நுழைந்ததும் கத்தி எடுத்துக் கொடுக்கும் நர்ஸிடமும் உதவிக்கு நிற்பவரிடமும் 'நான் இடதுகை' என்று சத்தமாகச் சொல்லிவிடுங்கள். வெட்கப்பட்டுச் சொல்லாமல் விட்டால் ஊசி யாருடைய கையிலாவது ஏறும். வயிற்றுச் சத்திரசிகிச்சைக்கு வலதுகைக்காரர் பெரும்பாலும் நோயாளியின் வலப்பக்கம் நிற்பார், உங்களுக்குச் சில வேளை இடப்பக்கம் வசதியாக இருக்கும். நூல் முடிச்சை இரண்டு கையாலும் போடப் பழகுங்கள், கதிரைக் கைப்பிடியில், கட்டில் சட்டத்தில், பஸ்ஸில். துளைவழிச் சத்திரசிகிச்சையில் இரண்டு கையும் வேலை செய்தே ஆக வேண்டும், அங்கே நாங்கள் வலதுகைக்காரர்கள்தான் திண்டாடுகிறோம். நீங்களோ சின்ன வயதில் உம்மா கையில் தட்டித் தட்டிச் சோற்றை வலது கையால் சாப்பிடப் பழக்கியவர், முகாமில் சல்யூட்டையும் வலது கையால் அடிக்கிறவர். உங்கள் வலது கை ஏற்கெனவே பாதிப் பயிற்சி எடுத்துவிட்டது.

தையல் பழகப் புத்தகங்கள் பன்றிக்காலைச் சொல்லும். உங்களுக்கு அது வேண்டாம். ஹஜ்ஜுப் பெருநாள் லீவில் ஊருக்கு வந்தால் குர்பான் மாட்டின் கால்துண்டு ஒன்றைத் தோல் உரிக்காமல் எடுத்துத் தரச்சொல்லி உம்மாவிடமே கேளுங்கள். குசினி மேசையில் வைத்துத் தையுங்கள், அவரும் பக்கத்தில் இருந்து பார்க்கட்டும். திகதி முடிந்த நூல் பெட்டி ஒன்று என் இழுப்பறையில் கிடக்கிறது, நோயாளிக்குப் பாவிக்க முடியாது, பழகலாம். பழைய நீடில் ஹோல்டர் ஒன்றையும் சேர்த்து வைக்கிறேன். பத்திரிகை அலுவலகத்துக்கு உங்கள் விலாசத்தை எழுதுங்கள்.